வேலூரில் பத்து நாள்: அவசரமில்லாமல் எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?

கேட்டது இதுதான்: பிப்ரவரியில் அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் பத்து நாள் தங்குகிறீர்கள். பரிசோதனைக்கும் முடிவுக்கும் நடுவே மூன்று நாலு நாள் சும்மா கிடக்கும். பாய்மரப் படகும் திராட்சைத் தோட்டமும் உள்ள கடலோர ஊர்களில் மெல்ல நடந்து, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுப் பொழுதைக் கழிக்கிறார்களே, அப்படி ஏதாவது இங்கே உண்டா? அம்மாவால் அரை கிலோமீட்டர் நடக்க முடியும், படி ஏற முடியாது.

உண்மையில் நீங்கள் தேடுவது கடலும் திராட்சையும் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கடல் பார்க்க வேண்டுமானால் சென்னைப் பக்கம் போக வேண்டும், ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திராட்சைப் பந்தலுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. அது ஓர் இரவுப் பயணம். இரண்டும் உங்களுக்கு ஆகாது. ஆனால் நிழலில் உட்கார்ந்து ஒரே பொருளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கவும், தண்ணீர் மேல் அரை மணி நேரம் மிதக்கவும் பழைய வடஆற்காடு மாவட்டத்தில், அதாவது வேலூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதியில், தாராளமாக இடம் இருக்கிறது. சுற்றுலாத் தாள்களில் வரும் ‘ஒரே நாளில் எட்டு இடம்’ பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அரை நாளுக்கு ஓர் இடம். அதற்கு மேல் வேண்டாம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் கோயில் விஷயம் மட்டும் 1981-இல் பொய்யாகிவிட்டது. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மரமில்லாத பாறை மலைகள் ஊரைச் சுற்றி நிற்பதால் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விட மாட்டா. அதனால் இங்கே எதைப் பார்ப்பது என்பதைவிட எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். பிப்ரவரியில் காலை ஏழு முதல் பதினொன்று வரை நன்றாக இருக்கும், மாலை நாலரைக்கு மேலும் அப்படித்தான். நடுப்பகலை அறையில் தூங்கிக் கழியுங்கள். கோயில்களும் பெரும்பாலும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும்.

முதல் அரை நாளைக் கோட்டைக்குக் கொடுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் தங்கினால் ஆட்டோவில் ஐந்து பத்து நிமிடம். கோட்டைக்குள் தரை சமதளம், வண்டி உள்ளே போகும், எனவே அம்மாவைக் கோயில் வாசல் வரை கொண்டுபோய் இறக்கலாம். 133 ஏக்கர் பரப்பு, சுற்றிலும் அகழி. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. முழுக்கச் சுற்ற நினைக்காதீர்கள். அம்மாவின் அரை கிலோமீட்டர் அங்கேயே தீர்ந்துவிடும். நேராக ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய், கோபுரம் தாண்டியதும் இடது கைப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தில் அமர்ந்துவிடுங்கள்.

அந்த மண்டபத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் செதுக்கின் ஆழம் தெரியும். உச்சிப் பொழுதில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். முதலில் முன்வரிசைத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பாருங்கள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தால் மேலே நிற்பவர்கள் கண்ணில் படாத சின்ன உருவங்கள் கிடைக்கும். பிறகு விதானத்தின் நடுவே தாமரைப் பதக்கத்தைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குவதைப் பாருங்கள். கழுத்து வலிக்கும் என்பதால் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை மேலே பார்த்தபடி மடியில் வைத்துக்கொண்டால் அம்மாவும் குனிந்தே பார்த்துவிடலாம். கடைசியாக, ஒரே தலையைக் காளையும் யானையும் பங்கு போட்டுக்கொள்ளும் ரிஷபகுஞ்சரத்தைத் தேடுங்கள். ஒரு பக்க உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை, மறுபக்க உடலை மறைத்தால் காளை. கண் ஒன்றுதான், இரண்டுக்கும் அதுவே. எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் தேடினால் இருபது நிமிடம் இனிமையாகப் போகும்.

இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கப்பல் வந்ததென்றும், அது கடலில் மூழ்கியதால் மண்டபம் தப்பியதென்றும் சொல்வார்கள். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை குதிரை ஓடும் அளவுக்குச் சுரங்கப்பாதை இருப்பதாகவும் சொல்வார்கள். முதல் கதையை ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவதை நம்பவே வேண்டியதில்லை. உறுதியானவை வேறு: பல நூற்றாண்டு வழிபாடில்லாமல் கிடந்த இந்தக் கோயிலில் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தது 1981-இல்; திப்பு சுல்தானின் குடும்பத்தை 1799-க்குப் பிறகு இங்கேதான் வைத்திருந்தார்கள்; சிப்பாய்ப் புரட்சி வெடித்தது 1806 ஜூலை 10. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் சிறியது, மின்விசிறிக்குக் கீழே மெதுவாகப் பார்க்க ஏற்றது, வெள்ளிக்கிழமை விடுமுறை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே சிறை இருந்து 1832-இல் இறந்தவர். அவர் நினைவிடம் பாலாற்றங்கரையில், கோட்டைக்கு வடக்கே ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. முத்து மண்டபம் என்று கேட்டால் தெரியும். அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. கூட்டமும் இல்லை.

இரண்டாவது அரை நாள் விரிஞ்சிபுரம். பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 14 கிலோமீட்டர். மார்க்கபந்தீசுவரர் கோயிலின் உயர்ந்த மதிலுக்கே தனிப் புகழ் உண்டு. உள்ளே மரம், திறந்த வெளி, நீண்ட மண்டபங்கள். வார நாளில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். உங்களை அனுப்புவது மதிலுக்காக அல்ல, தென்புறப் பிராகாரத்தில் நிற்கும் நேரம் காட்டும் கல்லுக்காக. அரைவட்டமாக எண்கள் வெட்டிய கல் அது. மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியைப் பொருத்தினால் நிழல் விழும் எண்தான் மணி. வெயில் வேண்டும் என்பதால் ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் போங்கள். வளையாத விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று கையில் இருந்தால் போதும். கம்பி, ஆணி எதையும் வைத்துக் கல்லைக் கீறிவிடாதீர்கள்.

பார்க்கிறவர்கள் பலரும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு, ‘கல் அரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறது’ என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். கல் மேல் தப்பில்லை. நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. விரிஞ்சிபுரம் ஏறத்தாழ 79-ஆம் பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால் மூன்றரைப் பாகைக்கு 14 நிமிடம் இங்கே சூரியன் பிந்தி வரும். இதற்கு மேல், பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அச்சின் சாய்வும் சேர்ந்து ஆண்டு முழுக்கச் சூரிய நேரத்தை முன்னும் பின்னும் ஆட்டுகின்றன. பிப்ரவரி நடுவில் அந்த ஆட்டம் இன்னொரு 14 நிமிடம் பிந்தலாக இருக்கும். கூட்டினால் 28. கடிகாரத்தில் பத்தரை என்றால் கல்லில் பத்தைச் சற்றுத் தாண்டியிருக்க வேண்டும். இதே கல்லை நவம்பர் முதல் வாரத்தில் பார்த்தால் கடிகாரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும், ஏனென்றால் அப்போது ஆட்டம் 16 நிமிடம் முந்தலாக இருந்து அந்தப் 14-ஐ அடித்துவிடுகிறது. ஈர்க்கு கொஞ்சம் கோணினாலே ஐந்து பத்து நிமிடம் மாறும் என்பதால் நிமிடக் கணக்குக்கு இதில் சண்டை பிடிக்க வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பி வருவதுதான் இதில் சுகம்.

கருங்கல் தரை பதினோரு மணிக்கே காலைச் சுடும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்துவிடும். அம்மாவுக்குத் தடித்த பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மடக்கு ஸ்டூல் ஒன்றும் இருக்கட்டும். மண்டபத் திண்ணைகள் பெரும்பாலும் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாத உயரம். பிப்ரவரியில் சிவராத்திரி வந்தால் அன்றும் மறுநாளும் சிவன் கோயில் பக்கமே போகாதீர்கள்.

அம்மா ஓய்வெடுக்கிற நாளில் நீங்கள் மட்டும் போவதாக இருந்தால் வள்ளிமலை. காட்பாடி, திருவலம் வழியாக வடக்கே போக வேண்டும். முருகன் வள்ளியை மணந்த இடம் என்று ஊர் நம்பும் மலை; அதே மலையின் பாறையில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கங்க மன்னர் காலத்துச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நம்பிக்கை ஒரு பக்கம், கல்வெட்டு ஒரு பக்கம், இரண்டும் ஒரே பாறையில். நூற்றுக்கணக்கான படி, குரங்குத் தொல்லை வேறு. கையில் பிளாஸ்டிக் பை, கண்ணில் படும்படி வாழைப்பழம் வேண்டாம். அம்மாவும் வருவதாக இருந்தால் மலையை விட்டுவிட்டுப் பக்கத்து மேல்பாடியோடு நிறுத்துங்கள். அங்கே பொன்னை ஆற்றங்கரையில் முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சய சோழனுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவாகக் கட்டிய கோயில், இருக்கிறது. ‘ஆற்றூர் துஞ்சின தேவர்’, அதாவது ஆற்றூரில் இறந்த அரசர், என்று கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. சின்னக் கோயில்தான், படியும் இல்லை. ஒரு பேரன் தாத்தாவுக்குச் செய்த காரியம் என்று தெரிந்து பார்த்தால் அதன் அளவே பொருத்தமாகப் படும்.

இன்னும் அமைதி வேண்டுமா, மகேந்திரவாடி. சோளிங்கர் பக்கம், வேலூரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயல் நடுவே தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் விஷ்ணுவுக்குச் செய்த குடைவரை. தூண்களைப் பாருங்கள்: கீழே சதுரம், நடுவே எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். மகேந்திரன் பாணி என்றாலே இதுதான். கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில் இருக்கிறது. மகேந்திர விஷ்ணுகிருகம், மகேந்திரபுரம், மகேந்திர தடாகம் என்று கோயில், ஊர், ஏரி மூன்றுக்கும் அரசன் தன் பெயரையே வைத்துக்கொண்டதை அது சொல்கிறது. கூச்சமே இல்லாத மனிதர். பார்க்க இருபது நிமிடம் போதும், மிச்ச நேரம் நிழலில் உட்காரலாம். கடை கண்ணி எதையும் நம்பிப் போகாதீர்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு. கழிப்பறையை வழியில் சாலையோர ஓட்டலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படகு என்றீர்களே, அதற்கு ஏலகிரி. இது மட்டும் முழு நாள். வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ கடையெழு வள்ளல் பெயரோ. பெயர்ப்பலகையை அம்மாவைப் படிக்கச் சொல்வது நல்ல விளையாட்டு, ஆனால் தலைசுற்றல் உள்ளவர் என்றால் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையையே பார்க்க வேண்டும், படிக்கக் கூடாது. ஊர் சுமார் 1,100 மீட்டர் உயரம், வேலூரைவிட ஏறத்தாழ 900 மீட்டர் மேலே. ஐந்தாறு பாகை வெப்பம் குறைவாக இருக்கும். சனி ஞாயிறு பெங்களூர்க் கார்கள் வரிசை கட்டும், செவ்வாய் புதன் போங்கள்.

புங்கனூர் ஏரியில் மிதிபடகும் துடுப்புப் படகும் விடுவார்கள். துடுப்புக்காரரோடு படகு கிடைத்தால் அதையே எடுங்கள். மிதிபடகு முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. அதுதான் கிடைத்தது என்றால் நாலு பேர் படகாக எடுத்து, அம்மாவை மிதிக்கத் தேவையில்லாத பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஏறும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நின்று யோசிப்பார்கள், படகு நகர்ந்துவிடும். ஆள் படகைப் பிடித்திருக்கிறாரா என்று பார்த்து, ஓரத்தை மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, வைத்த உடனே உட்கார்ந்துவிட வேண்டும். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர். மிதவைச் சட்டையை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக் கொக்கி போடுங்கள். காலையிலேயே போவது நல்லது. பிற்பகலில் காற்று எழுந்தால் இலேசான மிதிபடகைக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரமும் அதோடு மல்லுக்கட்டத்தான் சரியாக இருக்கும். ஏரி சின்னது, கடலை நினைத்து வராதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபுரம் பொற்கோயில் பளபளப்பானது, சுத்தமானது, ஆனால் நட்சத்திர வடிவ நடைபாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிவரும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அமிர்தி அருவி மழைக்கால அருவி. பிப்ரவரியில் பாறையைத்தான் பார்ப்பீர்கள். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் வழியாகப் போகும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அருமையான இடம், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. ஆனால் பொதுமக்களை விடும் நாளும் நேரமும் வானிலையைப் பொறுத்து மாறும், இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். இரவில் காட்டுப் பாதையில் திரும்ப வேண்டும் என்பதால் நோயாளியோடு போகும் இடமும் அல்ல. ஏலகிரியானாலும் ஜவ்வாது மலையானாலும் சில இடங்களில் கைப்பேசி எடுக்காது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரக்கூடிய நாளில் மலை ஏறாதீர்கள்.

ஒரு மலிவான சுகமும் உண்டு. காட்பாடியில் பாசஞ்சர் ரயில் ஏறி ஜோலார்பேட்டை வரை போய்த் திரும்புவது. இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள்; ஆம்பூர் தாண்டினால் ஜவ்வாது மலையும் பிறகு ஏலகிரியும் அந்தப் பக்கம்தான். ஆம்பூரில் இறங்கினால் சீரகச்சம்பா அரிசி பிரியாணி, கூடவே எண்ணெய்க் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும். நீங்கள் சாப்பிடலாம், சிகிச்சையில் இருப்பவருக்கு வெளிச்சாப்பாடு கூடுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து ஓடுகிறது என்றால் கூட்டமான இடங்களைப் பற்றியும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு அறையிலேயே சமைப்பதாக இருந்தால் (இங்கே நிறைய லாட்ஜுகளில் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் வழி இருக்கும்) இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கேட்டு வாங்குங்கள். 2023-இல் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்க வேண்டும், தோல் மினுங்க வேண்டும், அழுத்தினால் பள்ளம் விழாமல் திரும்ப எழ வேண்டும். கால் கிலோ இரண்டு பேருக்குப் போதும். காம்பை எடுக்காமல் நாலாகக் கீறி, கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் மூடி போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். அதற்குப் பிறகுதான் புளி. முதலிலேயே புளி விட்டால் காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். கீறும்போது இடது கைவிரலைக் காம்பில் வைக்காதீர்கள். முள் சின்னது, ஆனால் ஏறினால் வெளிச்சத்தில் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.